கூட்டக் குறிப்பில் ஏறாதவை

கூட்டம் கூடுவதற்கு முன்
கூடத்தைக் கூட்டியவர் லொரெட்டா ப்ளெட்சோ.
அதை நான் எழுதவில்லை.
"வருகை: பதினொருவர்" என்றுதான் தொடங்கினேன்.

மருத்துவமனையிலிருந்து இருவர், கழுத்தில் அட்டை தொங்க.
கடன் சங்கத்திலிருந்து கோர்ட்லண்ட், ஒல்லியானவர்,
பேனாவைத் திறந்து திறந்து மூடுகிறவர்.
பேருந்துத் துறைக்காரர் வரைபடத்தை மேசையில் விரித்து
சுருளாதிருக்க நான்கு மூலையிலும்
தேவாலயத்தின் பாட்டுப் புத்தகங்களை வைத்தார்.
இந்தப் பக்கம் எங்கள் ஆட்கள்:
ப்ளெட்சோ, சலவைக் கூட்டுறவின் பா ஹுவா வாங்,
இரவுப் பணி முடித்துத் தூங்காமல் வந்த லமார் டிப்ஸ்.

வரைபடத்தின் மேற்கில் ஒரு தடித்த கோடு.
பேருந்து அங்கே நின்று திரும்பும்.
அதற்கப்பால் நாலரை மைல்:
கிடங்குகள், பாலாடைக்கட்டி ஆலை,
மணிக்கு இருபத்திரண்டு டாலர் வேலைகள்.
இப்பால் மில்வாக்கியின் வடபுறம், நாங்கள்.

"யார் போட்ட கோடு இது?"
"மாவட்ட எல்லை, அம்மா."
"எங்கப்பா வீட்டுக் கடன் கேட்டுப் போனபோது
வங்கிக்காரரின் வரைபடத்திலும்
ஏறக்குறைய இங்கேதான் இருந்தது.
அது சிவப்பு மை."

யாரும் பேசவில்லை.
ஒரு நிமிட மௌனம் என்று எழுதலாமா என யோசித்தேன்.
இறந்தது யார் என்று கேட்பார்களே.
"வரலாறு விவாதிக்கப்பட்டது" என்று எழுதினேன்.

மருத்துவமனை ஒரு தொகை சொன்னது.
கடன் சங்கம் அதற்கு ஈடாக இன்னொன்று.
பங்காளிகள் என்ற சொல் அன்று பதினேழு முறை வந்தது.
பதினெட்டாவது முறை
பா ஹுவா கையை உயர்த்தினார்:
"உங்கள் கட்டில் விரிப்புகளை வெளுப்பவர்கள் நாங்கள்.
எங்கள் சலவையகத்தில் நாற்பத்தொரு பேருக்குப் பங்கு.
பங்காளி என்கிறீர்கள், சரி,
இந்தக் குழுவில் எங்களுக்கு எத்தனை வாக்கு?"

"ஆலோசனை சொல்லலாம்…"

"ஆலோசனையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.
வாக்கைக் கொடுங்கள்."

கோர்ட்லண்டின் பேனா திறந்தபடியே நின்றது.

நான்காவது கூட்டத்தில் கொடுத்தார்கள். மூன்று.
ஆறாவதில்தான் கையெழுத்து.
நடுவே பனி உருகி, புல் முளைத்து,
மறுபடியும் பனி.

ரிப்பன் வெட்டியது காலை பத்து மணிக்கு,
படமெடுக்க வெளிச்சம் வேண்டுமல்லவா.
முதல் வண்டி அதற்கு முன்பே
நாலு நாற்பதுக்குப் போய்விட்டது.
ஏறியவர் ஐவர், என்னையும் சேர்த்து.
ஓட்டுநர் கட்டணப் பெட்டியை உள்ளங்கையால் மூடி
"இன்றைக்கு வேண்டாம்" என்றார்.

கோடு வரும் என்று சன்னலில் முகம் ஒட்டியிருந்தேன்.
கோடென்று எதுவுமில்லை.
பூட்டிய பெட்ரோல் பங்க், ஒரு விளக்குக் கம்பம்,
தாரின் நிறம் மாறுமிடத்தில்
வண்டி லேசாகக் குலுங்கியது.
லமார் கண்ணைத் திறந்தார்.
மூடிக்கொண்டார்.

கடைசி நிறுத்தத்தில் நடைபாதை இல்லை.
காரில் வருகிறவர்களுக்கென்றே கட்டிய ஊர்;
நடந்து வருவார்கள் என்று எவரும் நினைத்ததில்லை.
ஆலை வாசலுக்கு முந்நூறு அடி, முழங்கால் பனி.
முதலில் லமார் இறங்கினார்.
அவர் கால் புதைந்த குழிகளிலேயே
கால் வைத்துப் போனோம்.
மேலே லாரிகளின் வெளிச்சம் எங்களைத் துடைத்துத் துடைத்துக் கடந்தது.
ஒருவருக்குக் காலணி கழன்றது.
திரும்பி வந்து தோண்டி எடுத்தோம்.
ஏழு நிமிடம் தாமதம், அரைமணிச் சம்பளம் பிடித்தார்கள்.

ஏழாவது கூட்டம்.
முதல் பொருள்: நடைபாதை, முந்நூறு அடி.
அந்தத் துண்டு நிலம் யாருடையது என்று
சாலைத் துறைக்கும் தெரியவில்லை, ஆலைக்கும் தெரியவில்லை.
லொரெட்டா ப்ளெட்சோ துடைப்பத்தை மூலையில் சாய்த்தார்.
வாசலில் குனிந்து காலணிக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கிய
எங்கள் ஐவரையும் பார்த்தார்.

"கழற்றாதீர்கள். அப்படியே உள்ளே வாருங்கள்.
கூட்டிய தரைதான்.
சேறு தெரியட்டும்."

அதை எழுதிக்கொண்டேன்,
சொல் மாறாமல்.