செல்லுபடி

தகுதிகாண் பருவம் முடிந்ததென்று
பதிவாளர் எழுதியிருக்கிறார்.
எங்கள் தெருவில் தெரிந்த பருவங்கள்
மீன்பிடித் தடைக்காலமும்
ஐப்பசிப் புயலும்தான்.

ஐந்து அரியர்.
இரண்டு முறை எச்சரித்தார்களாம்.
பெயரை எடுத்துவிட்டோம் என்று சொல்லும் தாளில்
முழுப்பெயர் போட்டிருந்தது:
கு. தெய்வசிகாமணி, இயற்பியல்.
அப்பாவின் தலைப்பெழுத்தைக்கூட விடவில்லை.

காலை ஏழு பத்து, முத்தியால்பேட்டை.
வழக்கம்போல் ஏறிவிட்டேன்.
அம்மா கட்டிய தக்காளிச்சோறு
மடியில் சுடுகிறது.
கண்டக்டர் பாஸைத் திருப்பிப் பார்க்கிறார்.
மார்ச் முப்பத்தொன்று வரை இருக்கிறது.
"ஸ்டூடன்ட்தானே, உள்ள போப்பா."

காலாப்பட்டில் எல்லோரும் இறங்கினார்கள்.
நான் ஜன்னலோரம் நகர்ந்துகொண்டேன்.
பின்சீட்டிலிருந்து யாரோ
என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

மரக்காணம் வரை
இந்தப் பாஸ் செல்லுமா,
தெரியவில்லை.