மூன்றாவது காயில்

எர்ணாவூர். இரண்டாம் மாடி.
நாலு வருஷத்தில் இது மூன்றாவது காயில்.

கழற்றுமுன் சோப்பு நுரை தடவினேன்.
வளைவில் ஒரே ஒரு குமிழி
மெல்ல ஊதி, கொஞ்சம் யோசித்து, உடைந்தது.
வெயிலில் காட்டினால் செம்பெல்லாம் கறுப்பு,
தீபாவளி ராத்திரி கழுவாத கை மாதிரி.

"உப்புக்காத்தா தம்பி?" டெல்பினா அக்கா கேட்டார்.
உப்பென்றால் பூத்து வெளுக்கும்.
சொல்லவில்லை.
ஜன்னலோரம் நெபுலைசர் மாஸ்க்கோடு பையன்
புகைபோக்கிகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

புதுசைப் பிரிக்கும்போதே மஸ்தான் கை பட்டு
நாலு தகடு மடங்கிவிட்டது. திட்டிக்கொண்டே
சீப்பால் வாரி நிமிர்த்தினேன்.
ரசமட்டத்தின் குமிழி நடுவில் நின்றது,
இது உடையாத குமிழி.
டிரெயின் குழாயை மட்டும் விரற்கடை சாய்த்து,
நட்டு இறுக்கி,
வாக்வம் பம்ப்பைப் போட்டுவிட்டு டீ குடித்தோம்.

அரைமணி நேரத்தில்
எண்ணூர்க் காற்று மொத்தமும் வெளியேறிவிட்டது
ஒன்பதடிக் குழாயை விட்டு.

"கேரண்டி எவ்ளோ?"
"காயிலுக்கு ஒரு வருஷம்க்கா."

பையன் மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
ரிமோட்டுக்குக் கை நீட்டினான்.