துவாலை யானை

டென்பசார் விடுதியின் மூன்றாம் மாடி.
காலை ஏழுக்கே நாற்பத்தொரு பேர்,
எல்லோருக்கும் ஒரே கறுப்புக் கால்சட்டை.
பச்சை குத்தியதை மறைக்கப் பூசிய களிம்பு
ஒருவன் மணிக்கட்டில் வழிகிறது.

நெங்கா சுதர்மி வாயை மூடியே வைத்திருக்கிறாள்.
கடைவாய்ப் பல் இரண்டை நேற்றுத்தான் பிடுங்கினார்கள்.
சொத்தை இருந்தால் சான்று இல்லை,
சான்று இல்லையேல் கப்பல் இல்லை.
பல்லையும் சேர்த்து முகவரிடம் கடன்
இப்போது ஒரு ஸ்கூட்டர் விலை.

"கடல் ஒத்துக்கொள்ளுமா?"
"ஒத்துக்கொள்ளும், ஐயா."
கிலிமானுக் படகில் முக்கால் மணி நேரம்
பிளாஸ்டிக் பைக்குள் முகம் புதைத்து
ஜாவா போய்ச் சேர்ந்ததை
யார் கேட்டார்கள்.

இரண்டு துவாலைகளை நீட்டுகிறார்கள்.
யானை. மூன்று நிமிடம்.

செல்போனைப் பார்த்துப் பார்த்து
வீட்டில் நைந்த துண்டில்
இருநூறு யானையாவது செய்திருப்பாள்.
இது புதுத் துவாலை, மொத்தம்.
தும்பிக்கை நிமிர மறுக்கிறது.
அழுத்துகிறாள். சரிகிறது.
சிரித்த முகம் வேண்டுமென்று சொல்லியிருக்கிறார்கள்,
சிரிக்கிறாள்.
ஈறு உப்புக் கரிக்கிறது.

மணி அடிக்கும்போது மேசைமேல்
ஏதோ ஒன்று கிடக்கிறது.
"என்ன இது?"
"யானைதான் ஐயா.
பதினெட்டு அறை பெருக்கிவிட்டுப் படுத்திருக்கிறது."

அவர் சிரிக்கவில்லை.
பக்கத்திலிருந்த பெண்
குனிந்து எதையோ எழுதினாள், நீளமாக.

லிஃப்ட் இறங்குகையில் அடிவயிறு புரள்கிறது.
கீழே கதவு திறக்கிறது.
அவள் வெளியே வரவில்லை.
மறுபடி மூன்றை அழுத்துகிறாள்,
பழகட்டும் என்று.