இரண்டு தெகா குறைவு

செகெத் நகரத்துச் சந்தைக் கூடத்தில்
கிராம் கேட்பவர் வெளியூர்க்காரர்.
கிலோ கேட்பவர் வீட்டில் கல்யாணம்.
மற்றவர்க்கெல்லாம் தெகா.
பத்து கிராம் ஒரு தெகா, நூறு தெகா ஒரு கிலோ.
இருபது தெகா பாரிசெர், மெல்லிசாக.
பதினைந்து தெகா சலாமி, தோலை உரித்து.
பதினோரு வருஷமாக என் கத்தி
இந்த ஒரு படியில்தான் நிற்கிறது.

சரியாக வெட்ட யாராலும் முடியாது.
ஒரு தெகா கூடும், ஒரு தெகா குறையும்.
தராசைப் பார்த்தபடியே கேட்பேன்:
இருக்கட்டுமா?
இருக்கட்டும் என்பார்கள்.
வேண்டாம் என்று சொன்னவர்
இத்தனை வருஷத்தில் மூன்று பேர்,
அதில் இரண்டு பேர் அண்ணன் தம்பி.

மகள் பிறந்தது இருபத்தேழாம் வாரத்தில்.
980 கிராம் என்று அட்டையில் எழுதியிருந்தது.
பழக்கதோஷம்,
கடைசிப் பூஜ்யத்தை உதிர்த்தேன்.
தொண்ணூற்றெட்டு தெகா.
கையில் உடனே கனம் வந்துவிட்டது,
அதுதான் நான் செய்த தப்பு.
நூல் கட்டி, காகிதம் சுற்றி,
அடுத்தது யார் என்று கேட்கிற கனம்.
எதெல்காவிடம் இதைச் சொல்லவில்லை.
அவள் கண்ணாடிப் பெட்டிக்குள் கைவிட்டு
ஒரு விரலை மட்டும் கொடுத்து வைத்திருந்தாள்.

செவிலி கொர்னேலியா நிற்பது வேறு படி.
மறந்து மறந்து நிற்கும் மூச்சுக்கு
காபியில் இருக்கிற அதே சத்துதான் மருந்து.
கிலோவுக்கு இருபது மில்லிகிராம்.
980ஐ ஆயிரத்தால் வகுத்தாள், 0.98.
இருபதால் பெருக்கினாள், 19.6.
பக்கத்தில் நின்றவளும் தனியாகப் போட்டாள், 19.6.
இரண்டு பேரும் கையெழுத்திட்டார்கள்.
என் கடையில் புள்ளி நழுவினால்
ஒரு சண்டை, மிஞ்சிப்போனால் மீதிக் காசு.
இங்கே அந்தப் புள்ளியை
இரண்டு பெண்கள் நான்கு கண்ணால் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் வாரம் இறங்குவார்களாம். இறங்கினாள்.
962. 931. 905.
எல்லாக் குழந்தைக்கும் அப்படித்தான் என்றார் டாக்டர்.
எனக்கு ஏழரை தெகா.

சனிக்கிழமை பொத்ரோகி அம்மாள் வந்தார்.
புகைபோட்ட பன்றிக்கொழுப்பு, ஒரே துண்டாக, ஒரு கிலோ.
கிலோ என் கைக்கு மனப்பாடம்,
கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவேன்.
வைத்தேன்.
சிவப்பு எழுத்தில் 0.98.
வரிசையில் ஒன்பது பேர்.
கேட்க வேண்டியது ஒரே ஒரு சொல்.
வாய் வரவில்லை.
கத்தியைத் துடைத்தேன். மறுபடி துடைத்தேன்.
யாரிடம் கேட்பது, யார் சொல்வது,
இருக்கட்டுமா என்று?

"இருக்கட்டும் தம்பி" என்றார் அந்த அம்மாள்,
நான் கேட்காமலேயே,
பையின் வாயை விரித்தபடி.
அவருக்கு ஒன்றும் தெரியாது.
பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும்.
விலைச்சீட்டை ஒட்டும்போது கோணலாகிப் போயிற்று.

பதினாறாம் நாள் சாயங்காலம்
திசா ஆற்றுப் பாலத்தைத் தாண்டி நேராகப் போனேன்,
கையில் இன்னும் மிளகாய்ப்பொடி வாசனை,
மூன்று முறை சோப்புப் போட்டும்.
கொர்னேலியா சிரித்தாள்.
"நேற்றைவிடப் பதினெட்டு கிராம்" என்றாள்,
பிறகு எனக்காக, "ஒன்றே முக்கால் தெகா,
கொஞ்சம் மேலே."
பதினெட்டு கிராம்.
கடையில் அதற்கு நான் காசு வாங்குவதில்லை.
கத்தி நுனியில் ஒரு வில்லை எடுத்து
ருசி பாருங்கள் என்று நீட்டுவேன்,
யார் கேட்டாலும்.