ஆறு துண்டுகள்

கறுப்பு, இல்லையென்றால் கரும்பச்சை.
வெள்ளை மட்டும் வேண்டாம் என்று
படியிறங்கும்போது சொன்னாள் நர்ஸ் எடித்,
லோரான்டுக்குக் கேட்காத குரலில்.

மிஷ்கோல்ட்ஸ் சந்தைக்கு எதிர்க்கடையில்
விற்கும் பெண் கேட்கிறாள்:
உங்கள் குளியலறை என்ன நிறம்?
நீலம்.
அப்படியானால் பொருந்தாதே.
பொருந்தாதுதான். ஆறு கொடுங்கள்.

புற்று போய்விட்டது.
அவர்கள் பலமுறை சொல்லிவிட்டார்கள், நானும்
லிஃப்ட்டில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன்.
முப்பத்தைந்து நாள் கதிர்.
எலிக்கு வைத்த தீ
சுவரை விட்டுவைக்குமா.
காதுக்குக் கீழே, வடு தாண்டி இரண்டு விரல்,
தமனி நைந்திருக்கிறது
பழைய சட்டையின் முழங்கை மாதிரி.
டாக்டர் பேனா முனையால் தொட்டது
படத்தைத்தான்.
எனக்குக் கழுத்து கூசியது.

போன மாதம் சவரம் செய்யும்போது
ஒரு தேக்கரண்டி, அவ்வளவுதான்.
டெப்ரெட்சென் ஆஸ்பத்திரியில்
உள்ளே ஒரு வலைக்குழாய் வைத்து அனுப்பினார்கள்.
தாங்கும் என்றார்கள்.
எவ்வளவு நாள் என்று நான் கேட்கவில்லை.

இருபத்தாறு வருடம் டிராம் ஓட்டியவன்,
குரல்வளை எடுத்தபின் சிலேட்டில் பேசுகிறான்,
நிறுத்தங்களின் பெயர்ப்பலகைபோல் கொட்டை எழுத்தில்:
இத்தனை துண்டா? யார் வருகிறார்கள்?
விருந்தாளி, என்றேன்.
துடைத்துவிட்டு எழுதினான்:
அவருக்குப் பச்சை பிடிக்குமா?

படுத்தபடி எடித் சொன்னதை எண்ணிப் பார்க்கிறேன்,
ஜெபமாக இல்லை, மளிகைச் சீட்டாக:
அழுத்து. பக்கத்திலேயே இரு. பெயர் சொல்லிக் கூப்பிடு.
துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று
ஓடக்கூடாதாம்,
அதற்குத்தானாம் இந்தத் துண்டு.
அது வராமலே போகலாம் என்றும் சொன்னாள்.
அதை ஏன் கடைசியில் சொன்னாள்.

புதுத் துண்டு தண்ணீர் உறிஞ்சாது.
ஊருக்கே தெரிந்தது
எனக்கு நள்ளிரவில் நினைவு வந்தது.
எழுந்து ஆறையும் அலசினேன். சாயம் கலங்கி வந்தது.
மறுபடி. மறுபடி.
மூன்றாம் வாளியில்தான் என் கை தெரிந்தது.

காலையில்
பால்கனிக் கொடியில் ஐந்து.
ஆறாவது, மாடி வீட்டு நாயின் முதுகில்.
மழையில் நனைந்து வந்திருக்கிறது.
மண்டியிட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறான் லோரான்ட்,
குனியவே கூடாத கழுத்தைக் குனிந்து.

கத்த வாயெடுத்தேன்.
நாய் உதறியது, என் முகமெல்லாம்.
தோள் குலுங்குகிறது அவனுக்கு;
தொண்டைத் துளையில் காற்று மட்டும் சீட்டியடிக்க
ஈரக்கையால் சிலேட்டை இழுத்து எழுதுகிறான்:

நன்றாகத்தான் உறிஞ்சுகிறது.