வாய்தா

சென்னையில் வழக்கு ஆறு வாரம் தள்ளிப்போயிருக்கிறது.
ஆறு வாரம் என்றால்
மைமூனுக்கு இரண்டு குப்பி.

கீழக்கரையில், மருந்துக்கடைக் கல்லாவில்
தடையாணை நகலைப் படிக்கிறேன்,
விலைச்சீட்டைப் படிக்கிற மாதிரி, அடியிலிருந்து மேலே.
ஐதராபாத் மருந்துக்குத்தான் தடை.
அசல் கம்பெனிக் குப்பியின் விலை
ஒரு வள்ளம், இன்ஜினோடு.

கட்டியைத் தேடி ஒட்டும் ஆன்டிபாடிக்குச் சண்டை இல்லை.
அது சுமந்துபோகும் நஞ்சுக்கும் இல்லை.
இரண்டையும் பிணைக்கிற சின்னக் கண்ணிக்கு:
ரத்தத்தில் அவிழாது,
கட்டிக்குள் போனதும் அவிழும்.
முப்பத்தொன்றாவது கோரிக்கையில் ‘அல்லது’ என்ற சொல்
எதுவரை நீளும் என்று
ஒரு மதியம் முழுக்கப் பேசியிருக்கிறார்கள்.

“முடிச்சுக்கா காக்கா கேஸு?” என்றான் சீனி இபுறாகிம்.
கைலியில் செதில்.
“வள்ளத்துல ஆளுக்கொரு முடிச்சு போடுறோம்.
யாரு போட்டதுன்னு எந்த மீனும் கேட்டதில்ல.”

அந்த நஞ்சுக்கு மூலம் கடல்முயல்.
அப்பா தீவுப் பக்கம் வலையில் ஏறினால்
கெட்ட வார்த்தை சொல்லி எறிவான்,
கையெல்லாம் ஊதா.
நகலில் அதன் பெயர் ஒரே இடத்தில்,
‘பின்னணி’ என்ற தலைப்புக்குக் கீழே.
சொன்னேன்.
“அப்ப நமக்கும் பங்குண்டு” என்று சிரிக்க ஆரம்பித்தவன்
பாதியில் நிறுத்திக்கொண்டான்.

பிரிட்ஜில் ஒரு குப்பி இருக்கிறது, இன்சுலினுக்குப் பின்னால்.
தடைக்கு முந்தின தேதி.
முன்பணம் பரமக்குடி ஜெயரத்தினம் டீச்சருடையது.
கரண்ட் போய் வந்தது. மோட்டார் உறுமியது.

அவன் பிரிட்ஜைப் பார்க்கவில்லை.
நான் பார்த்ததைப் பார்த்தான்.