ஆங்கிலப் படி

தீர்மானம் தமிழில் ஒரே வரி:
வேலைநிறுத்த இரவில் கடலுக்குப் போன இன்னாசி
சங்கத்துக்குத் துரோகி.
சூசை சொன்னார், நான் எழுதினேன், எல்லாரும் கை தூக்கினார்கள்.
மறுநாள்தான் ஞாபகம் வந்தது அவருக்கு:
"புது அதிகாரிக்குத் தமிழ் வராது,
இங்கிலீஷில் ஒரு படி அடி, அமலோற்பவம்."

பாம்பன் சங்க ஆபீசில் அகராதி ஒன்றுதான்.
'ஏ'யிலிருந்து 'சி'யில் பாதிவரை
கரையான் வாசித்து முடித்துவிட்டது.
பிட்ரேயல் இருந்த இடத்தில் ஒரு பொத்தல்.

டிஸ்லாயல் அகப்பட்டது.
சோப்பு மாற்றி வாங்குகிறவனைச் சொல்வதுபோல்
சப்பென்று இருந்தது.
ட்ரெச்சரி என்று அடித்தால்
ராமநாதபுரம் கருவூலத்துக்குப் போய்விடும் தபால்.
டர்ன்கோட்: சட்டையைத் திருப்பிப் போட்டவன்.
இன்னாசி கடலில் சட்டையே போடுவதில்லை.

கடைசியில் பெர்ஃபிடி.
பழைய வேர், இரண்டு துண்டு என்றிருந்தது.
ஒன்று நம்பிக்கை,
மற்றது 'வழியாக'.
உடைத்துக்கொண்டு அல்ல, வழியாக.
பாலத்துக்கு அடியில் நீர்வாடு ஓடுவதுபோல,
பாலம் அசையாமல்.
உடன்படிக்கை செய்த நாடுகளிடையே வழங்குவது,
என்று பயன்பாடும் போட்டிருந்தார்கள்.
இன்னாசிக்கு நாடு ஏது,
ஒரு வள்ளம், பாதி வலை.

'பி'யைத் தட்டிய விரல் அங்கேயே நின்றது.

அன்று ராத்திரி பதினொன்றரைக்கு
டீசல் அறைச் சாவி கேட்டு வந்தான்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.
கேட்டால் சொல்லியிருப்பான், அதனால் கேட்கவில்லை.
இரண்டு கேன்.
கணக்கில் கசிவு என்று எழுதினேன்.

கூட்டத்தில் சூசை மூன்று தரம் கேட்டார்,
டீசல் கொடுத்தது யார்.
இன்னாசி என் பக்கம் திரும்பவே இல்லை.
சுவரில் தொங்கிய காலண்டரை
உன்னிப்பாக வாசித்துக்கொண்டிருந்தான்,
எழுத்துத் தெரியாதவன்.

உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்போம் நாங்கள்.
இரண்டு அகம்.
வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல்,
எதிரெதிர் ஜன்னலைத் திறந்துவைத்து அடிக்கிறேன்;
தாள் எந்தப் பக்கம் பறக்கும் என்று
அதற்கே தெரியவில்லை.

அவன் போனதற்குச் சொல் கிடைத்துவிட்டது.
வாய் திறக்காமல் நின்றானே, அதற்கு?
'எல்' வரைக்கும் புரட்டிப் பார்த்தேன்.
லாயல் என்ற சொல்லுக்கு நேரே
மகள் எப்போதோ பென்சிலால்
ஒரு நாய் வரைந்திருந்தாள்.

அடித்து முடித்தேன், ஒரு பிழையும் இல்லை.
கீழே 'உண்மை நகல்' முத்திரை வைக்க வேண்டும்.
மைப்பெட்டி காய்ந்து கிடந்தது.
எச்சில் தொட்டுக் குத்தினேன்.